சேனல் கூடியது, கதை கூடியதா?

போன பொங்கலுக்கு தூத்துக்குடியில் அத்தை வீட்டில் இருந்தேன். அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ராத்திரி சாப்பாடு முடிந்து டிவி முன்னால் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனார். திரையில் எண் நூறைத் தாண்டி, இருநூறைத் தாண்டி ஓடியது. கடைசியில் ரிமோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஏல, இம்புட்டு சேனல் இருக்கு, எதைத் திருப்புனாலும் ஒரே அழுகையாத்தான் இருக்கு. ஒத்த சேனல் இருக்கும்போது இப்படியால இருந்துச்சு?" என்றார்.

வயசானவங்க எல்லாரும் சொல்றதுதானே என்று விட்டிருப்பேன். ஆனால் ஊர் திரும்பும் ரயிலில் அந்தக் கேள்வி கூடவே வந்தது. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாமே என்று தோன்றியது. அப்படிச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த 'ஒத்த சேனல்'.

இந்தியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1959 செப்டம்பர் 15, டெல்லியில். சின்ன டிரான்ஸ்மிட்டர், தற்காலிக ஸ்டூடியோ, சோதனை ஒளிபரப்பு. பம்பாய்க்கு அது போய்ச்சேர 1972 ஆகிவிட்டது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15. அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். எமர்ஜென்சி அறிவித்தது ஜூன் 25. நம்ம ஊர் டிவி பிறந்ததே நெருக்கடி நிலை அறிவித்து ஐம்பத்தோரு நாள் கழித்துத்தான். அந்தக் காலத்தைப் பற்றி ஏக்கமாக எழுத உட்காரும் யாரும் (நானும்தான்) இதை மறந்துவிடக் கூடாது. அது அரசாங்கத்தின் பெட்டி. மந்திரி ரிப்பன் வெட்டினால் செய்தி, எதிர்க்கட்சிக்காரர் பேசினால் செய்தி இல்லை. டிவி வைத்துக்கொள்ள தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்த காலமும் அதுதான்.

அந்த ஒரே சேனலுக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள். விவசாயிக்கு வயலும் வாழ்வும். பள்ளிப் பிள்ளைகளுக்கு காண்போம் கற்போம். குழந்தைகளுக்கு கண்மணிப் பூங்கா. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், அதற்காகத் தெருவே ஒரு வீட்டு வாசலில் கூடும். ஞாயிறு சாயங்காலம் தமிழ்ப் படம். நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்ல எதிரொலி. நடுவில் கர்நாடக சங்கீதக் கச்சேரி, நாடகம், ஷோபனா ரவி வாசிக்கும் செய்தி. இதெல்லாம் போக, அடிக்கடி 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'.

எனக்கு முக்கியமாகப் படுவது ஞாயிறு மதியம். தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படம் ஒன்று போடுவார்கள், பெரும்பாலும் விருது வாங்கிய படம், கீழே ஆங்கில எழுத்து ஓடும். ஒரு வாரம் வங்காளம், இன்னொரு வாரம் மலையாளம், அடுத்து அசாமி, ஒரியா. தமிழின் முறை எப்ப வரும் என்று மாதக்கணக்கில் காத்துக் கிடப்போம். திட்டிக்கொண்டேதான் பார்ப்போம். ஆனால் பார்ப்போம், வேற வழியில்லையே. சினிமா தியேட்டர் வாசலையே அதிகம் மிதிக்காத எங்க பாட்டி, ஆங்கிலமும் வங்காளமும் தெரியாமலே ஒரு வங்காளப் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, "பாவம், அந்தப் பிள்ளைக்கு யாருமே இல்ல" என்று சொன்னது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பாட்டியைக் கேட்டு யாரும் அந்தப் படத்தைப் போடவில்லை. கேட்டிருந்தால் சாமி படம்தான் கேட்டிருப்பார்.

ஒரே சேனல் என்றால் அது எல்லாருக்கும் ஏதாவது தந்தாக வேண்டும். அதனால் தனக்கு வேண்டாததையும் எல்லாரும் பார்த்தாக வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு திருத்தம். 'ஒத்த சேனல்' என்று அத்தை சொன்னது அவர் ஊரைப் பொறுத்தவரை சரியில்லை. அதை அத்தையிடமே போனில் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

சென்னை நிலையத்தின் அலைகள் தெற்கே வெகுதூரம் எட்டாது. 1982-ல் கலரும் தேசிய ஒளிபரப்பும் வந்தன, டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி வந்தது. 1983-ல் இன்சாட்-1பி மேலே போனது. அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வேகத்தில் ஊர் ஊராகக் குறைந்த சக்தி நிலையங்களை நட்டார்கள். ஆனால் அந்தக் குட்டி நிலையங்கள் வானத்திலிருந்து வாங்கி அஞ்சல் செய்தது டெல்லியை. சென்னை நிகழ்ச்சிகள் பின்னால்தான் வந்து சேர்ந்தன. அதாவது தமிழ்நாட்டின் பல ஊர்களில் முதன்முதலில் டிவி பேசியது இந்தியில். இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து இருபது வருஷம்கூட ஆகாத மாநிலத்தில்!

இதே சமயத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் வேறொன்று நடந்திருந்தது. 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பான் உதவியோடு இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அதன் டிரான்ஸ்மிட்டரை வைத்தது இலங்கையின் மிக உயரமான பிதுருதலாகல மலையில், 2,500 மீட்டருக்கு மேலே. தூத்துக்குடிக்கு அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர். சென்னை அதைவிட ரொம்ப தூரம். இடையில் பெரும்பகுதி கடல், மறைக்க எதுவுமில்லை. கணக்குப்படி அவ்வளவு தூரம் அலை எட்டக்கூடாது. ஆனால் கடல் மேல் காற்று சூடும் குளிரும் அடுக்கடுக்காக நிற்கும் நாட்களில் அலை அதிலேயே வழுக்கிக்கொண்டு வெகுதூரம் போகும். உயரமான கம்பம், நீள ஆண்டெனா, ஒரு பூஸ்டர். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கமெல்லாம் மொட்டைமாடிக் கம்பங்கள் தென்கிழக்கே பார்த்து நின்றது இதனால்தான். மாமா மேலே ஏறிக் கம்பத்தைத் திருப்ப, கீழே அத்தை ஜன்னல் வழியாக "வருது... வருது... ஐயோ போச்சு" என்று கத்துவாராம்.

ரூபவாஹினி சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் ஓடியது. "தமிழ்ல நியூஸ் கேட்டது முதல்ல அதுலதாம்ல" என்றார் அத்தை. 83 கலவரத்துக்குப் பிறகு அந்தச் செய்தியை வீட்டில் பார்த்த விதமே மாறிப்போனது என்றும் சொன்னார். பேசாமல் பார்ப்பார்களாம்.

80-களின் பின்பாதியில் கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷனின் உயர்சக்தி டிரான்ஸ்மிட்டர் வந்தது. தெற்கே படம் தெளிந்தது. ஆண்டெனாக்கள் வடமேற்கே திரும்பின. அதே கொடைக்கானலைப் பிடிக்க யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் தங்கள் ஆண்டெனாவை இந்தப் பக்கம் திருப்பினார்கள். ஆக, ஒரு கரை ஆட்கள் மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்த நிகழ்ச்சி கிடைக்கும் என்பதை முடிவு செய்தது மலையும் காற்றும்தான்.

அடுத்து 'டெக்' காலம். இதை வேகமாகக் கடந்துவிடலாம், இதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம். அதே டெக்கிலிருந்து ஒயர் இழுத்து அக்கம்பக்க வீடுகளுக்குப் படம் போட ஆரம்பித்தவர்தான் கேபிள்காரர். சேட்டிலைட் வருவதற்கு முன்பே கேபிள் வந்துவிட்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 1991-ல் வளைகுடாப் போரை சிஎன்என் நேரலையாகக் காட்டியபோதும், அதே வருஷம் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி ஆசியாசாட் வழியாக இறங்கியபோதும், வாங்கி விநியோகிக்க மரத்திலும் கைப்பிடிச்சுவரிலும் கட்டிய ஒயர்கள் தயாராக இருந்தன. பெரிய கம்பிவலைக் குடை ஒன்றை மாடியில் வைத்தால் போதும்.

1992 அக்டோபரில் ஜீ. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று, ஏப்ரல் 14, சன். அதே வருஷம் மலையாளத்தில் ஏஷியாநெட். 94-ல் ராஜ். விஜய், பிறகு ஜெயா என்று வரிசை நீண்டது. தனியார் இந்திய மண்ணிலிருந்து சேட்டிலைட்டுக்கு நிகழ்ச்சி அனுப்பக்கூடாது என்று சட்டம் இருந்ததால், டேப்பை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கிருந்து மேலே ஏற்றினார்கள். நம்ம தெரு கதை வெளிநாடு போய், வானத்துக்குப் போய், திரும்ப நம்ம தெருவுக்கு வந்தது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஒலி ஒளி அலைகள் பொதுச்சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கு எதைப் பற்றி? கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை. வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசுக்கும் நடந்த சண்டை.

என்னைக் கேட்டால், தமிழ் டிவியில் உண்மையிலேயே பலவகை இருந்தது 90-களில்தான். நிரப்ப நேரம் கொட்டிக் கிடந்தது, எது ஓடும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லாத்தையும் போட்டுப் பார்த்தார்கள். தூர்தர்ஷனில் ரயில் சிநேகம் போன்ற தொடர்களோடு சின்னத்திரைக்கு வந்த பாலசந்தரின் நிறுவனம், சன் டிவியில் மர்மதேசம் தந்தது. குலதெய்வம், கிராமம், கொலை, மனநோய் என்று இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய அந்தக் கதைக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தோம். விசுவின் அரட்டை அரங்கம் ஊர் ஊராகப் போய் சாதாரண ஆட்களிடம் மைக்கைக் கொடுத்தது. உமா போனில் "உங்க சாய்ஸ்" கேட்டார். எல்லாம் வாரம் ஒருநாள்.

அந்த 'வாரம் ஒருநாள்' என்பதில்தான் என் கணக்கு இருக்கிறது.

தூர்தர்ஷன் காலத்து வழக்கம் 13 வாரம். ஒரு தொடருக்கு அனுமதி கொடுத்தால் வாரம் ஒன்றாக 13 பகுதி. நன்றாகப் போனால் 26, 52 என்று நீட்டிப்பார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ராத்திரி ஒரு அரைமணி நேர இடத்தை எடுத்துக்கொள்வோம். அஞ்சு நாளுக்கு அஞ்சு கதை. 13 வாரத்துக்கு ஒருமுறை மாறினால் வருஷத்துக்கு இருபது கதை அந்த ஒரே இடத்தில் ஓட முடியும்.

இப்போது தினசரித் தொடருக்கு வாருங்கள். இந்தியாவில் இதைப் பெரிதாகத் தொடங்கிவைத்ததும் தூர்தர்ஷன்தான், 1994-ல் சாந்தி என்ற இந்தித் தொடர். தமிழில் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது 1999 கடைசியில் தொடங்கிய சித்தி. பிறகு மெட்டி ஒலி 800 பகுதிக்கு மேல். கோலங்கள் 2003 முதல் 2009 வரை, 1,500 பகுதிக்கு மேல். 1,500-ஐ 13-ஆல் வகுத்தால் 115. அதாவது கோலங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பழைய முறைப்படி 115 கதைகள் வந்து போயிருக்கலாம். எல்லாத் தொடரையும் 26 வாரத்துக்கு நீட்டியிருப்பார்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஐம்பத்தேழு. ஒரே ஒரு சேனலின் ஒரே ஒரு அரைமணி நேரத்தில்!

கோலங்களை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. எங்க வீட்டில் அந்த ஆறு வருஷமும் அந்த நேரத்தில் யாரும் போன் எடுக்க மாட்டோம். அபியின் பிரச்சினை எங்க குடும்பப் பிரச்சினை. 115 கதையும் நல்ல கதையாக இருந்திருக்கும் என்றும் இல்லை. அந்த 13 வாரத் தொடர்களில் பாதியை நானே பொறுத்துக்கொண்டுதான் பார்த்தேன். நான் எண்ணுவது தரத்தை அல்ல, இடத்தை.

ஏன் இப்படி ஆனது? எழுத்தாளர்களுக்குக் கற்பனை வற்றிவிட்டது என்பது சோம்பேறித்தனமான பதில். வியாபாரத்தைப் பார்க்க வேண்டும். சன் டிவியில் பல வருஷம் நடைமுறையில் இருந்த முறை இது: தயாரிப்பாளர் சேனலுக்குக் காசு கட்டி ஸ்லாட்டை வாங்குவார். பதிலுக்கு அந்த அரைமணிக்குள் இத்தனை நொடி விளம்பரத்தை அவரே விற்றுக்கொள்ளலாம். நட்டம் லாபம் இரண்டும் தயாரிப்பாளர் தலையில். வாரம் ஒருநாள் கதை என்றால் வீடு வாடகை, நடிகர் தேதி, செட் எல்லாம் 13 பகுதிக்குத்தான் உதவும். தினமும் ஓடினால் அதே வரவேற்பறை, அதே சமையலறை, அதே மாடிப்படி ஆயிரம் பகுதிக்கு உழைக்கும். விளம்பரக்காரருக்கும் இன்று பார்த்தவர் நாளைக்கும் வருவார் என்ற உறுதி வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைச் சொல்ல மீட்டர் வைத்த கொஞ்ச வீடுகள் இருந்தன, டிஆர்பி வந்தது. ஓடுகிற கதையை நிறுத்துகிற தைரியம் யாருக்கு வரும்?

ஒருத்தருக்கு ஓடியதையே மற்ற சேனலும் செய்தது. 2007-ல் கலைஞர் டிவி, 2008-ல் ஜீ தமிழ், 2018-ல் கலர்ஸ் தமிழ். ஆனால் ராத்திரி எட்டரைக்கு எதைத் திருப்பினாலும் பெரிய வீடு, மாமியார், காணாமல் போன தாலி. இதிலும் ஒரு விசேஷம். விஜய் டிவியின் பாக்கியலட்சுமி வங்காளத்து ஸ்ரீமொயீ கதை. அதே கதைதான் இந்தியில் அனுபமா. பாரதி கண்ணம்மா மலையாளத்துக் கருத்தமுத்து, தெலுங்கில் கார்த்திக தீபம். ஞாயிறு மதியம் வங்காளப் படம் வங்காளமாகவே, புரியாத மொழியோடும் மீன் வெட்டும் விதத்தோடும் வந்தது. இப்போது வங்காளக் கதை வருகிறது, ஆனால் நம்ம ஊர் மொபைல் கடைக்குப் பக்கத்து வீட்டில் நடக்கிறது. வந்தது வங்காளம் என்றே பார்ப்பவருக்குத் தெரியாது.

எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், அது வலுவானது. டிஸ்கவரி தமிழ் பேச ஆரம்பித்த பிறகு, கிராமத்துப் பிள்ளைகள் முதலைக்கும் அனகோண்டாவுக்கும் வித்தியாசம் சொன்னார்கள். அது தூர்தர்ஷன் தராத உலகம். 2007-ல் குழந்தைகளுக்கென்றே சுட்டி டிவி. 2011-ல் புதிய தலைமுறை வந்த பிறகு, நாள் முழுக்கச் செய்தி என்பது கட்சி சார்ந்த சேனல்களோடு முடிந்துவிடவில்லை. மக்கள் தொலைக்காட்சி சினிமாவே இல்லாமல் நடத்திக் காட்டியது. இன்னும் முக்கியமானது, யார் பார்த்தார்கள் என்பது. 80-களில் டிவி இல்லாத வீட்டுக்காரர்கள் பஞ்சாயத்து டிவி ரூமிலோ அடுத்த வீட்டு ஜன்னலிலோ நின்று பார்த்தார்கள். எல்லா ஜன்னலும் எல்லாருக்கும் திறக்காது, எந்தத் தெரு ஆள் என்று பார்த்துத்தான் திறக்கும். 2006 முதல் 2011 வரை அரசு கொடுத்த இலவச கலர் டிவி சுமார் ஒன்றரைக் கோடிக்கும் மேல். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய். ஜன்னலில் நின்றவர் தன் வீட்டுப் பாயில் உட்கார்ந்து தன் கையால் சேனல் மாற்றியது சாதாரண விஷயமா? அவரிடம் போய் 'அந்தக் காலத்து ஞாயிறு மதியம்' என்று நான் பேசினால் சிரிப்பார்.

அதனால் அத்தையின் கேள்விக்கு என் பதில் பாதி ஆமாம், பாதி இல்லை. வகைகள் இருக்கின்றன. ஆனால் முன்பு ஒரே சேனலுக்குள் அடுத்தடுத்து வந்தவை இப்போது தனித்தனி எண்களில், தனித்தனி கட்டணத்தில் இருக்கின்றன. பாட்டிக்கு வங்காளம் வந்தது போல தானாக வந்து மாட்டாது. தேடிப் போகிறவருக்குத்தான் கிடைக்கும். சேனலோ ஆள் ஏற்கெனவே எங்கே நிற்கிறாரோ அங்கேயே கடை போடுகிறது. இன்றைய ஓடிடியும் அதைத்தானே செய்கிறது? நேற்றுப் பார்த்ததைப் போலவே இன்னொன்றை எடுத்து நீட்டுகிறது.

2019 பிப்ரவரியில் டிராய் புது விதி நடைமுறைக்கு வந்தது. நூறு சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் அப்போது 130 ரூபாய், வரி தனி. அதற்கு மேல் காசுச் சேனல்களை நாமே தேர்ந்தெடுக்கலாம். பார்ப்பவரிடமே பட்டியலை நீட்டி 'உனக்கு என்ன வேணும்' என்று கேட்டார்கள். அத்தை வீட்டுக்கும் கேபிள்காரத் தம்பி ஒரு தாளோடு வந்தான். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுப் பட்டியலையும் விரல் வைத்து வாசித்தாராம். தமிழ் பேக்குக்கு டிக். பேரன் கேட்டதற்காக ஒரு விளையாட்டுச் சேனல். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்:

"இதுல ரூபவாஹினி எங்கல இருக்கு?"

"அது என்ன சேனல் ஆச்சி? அதெல்லாம் வராது."